மாமியார் முட்டி

தையல்நாயகியின் முட்டி வலியைப் பற்றி முத்தியால்பேட்டையில் தெரியாத ஆளே கிடையாது. மகன் நெடுமாறன் யாரையும் தெரியாமல் இருக்க விடவில்லை.

அம்மாவின் காலைப் பிடித்துத் தைலம் தேய்ப்பான். அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பான். 'என் தெய்வம்' என்று கீழே ஒரு வரி வேறு.

போட்டோ எடுத்துக் கொடுப்பது அவன் மனைவி கலைமகள். எடுத்து முடித்ததும் தன் இடது முட்டியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு அடுப்படிக்கு நொண்டிக்கொண்டே போவாள்.

ஆமாம், அவளுக்கும் முட்டி வலிதான். சொல்லப்போனால் வீட்டில் முதலில் வந்தது அவளுக்குத்தான். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறவேண்டும். குந்தியபடியே வீடு முழுக்கத் துடைக்கவேண்டும். புருஷனிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியாக ஒரு நாள், போனில் இருந்து தலையைத் தூக்காமலேயே அவன் வைத்தியம் சொன்னான்.

"இந்த வயசுல உனக்கு இன்னா முட்டி வலி? வெயிட்ட கொற, சரியாப் போயிடும்."

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாமியாரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீடே அமளிப்பட்டது. வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். வாயு என்றார் ஒருவர். செருப்பு சரியில்லை என்றார் இன்னொருவர். நாத்தனார் சின்னப்பாப்பா முடக்கத்தான் கீரையோடு வந்து, வாசப்படி ஒரு விரக்கடை உயரம் அதிகம் என்று குறை சொல்லிவிட்டுப் போனாள். எதிர் வீட்டு சுப்பிரமணியன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லால் தெருவுக்கே அவர் 'சொல்தா'. மகள் பாரிஸிலிருந்து அனுப்பிய ஸ்பிரேயை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

நெடுமாறனும் கை ஓய வாங்கிப் போட்டான். முட்டிக்கு பெல்ட், நின்றுகொண்டே துடைக்க மாப்பு, அடுப்படிக்கு உயரமான ஸ்டூல். பின்கட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்கூட வந்துவிட்டது.

தையல்நாயகி எதையும் உருப்படியாகத் தொடவில்லை. பெல்ட் அரிக்கிறதாம். ஸ்டூல் ஆடுகிறதாம். ஸ்பிரே நாற்றத்தில் தலை வலிக்கிறதாம். எல்லாவற்றையும் மருமகள் பக்கம் தள்ளிவிட்டு, "வீணாத்தான போவுது, நீ வச்சிக்க" என்பாள்.

கலைமகளுக்கு வயிறு எரிந்தது. மகாராணி வேண்டாம் என்று கழித்துப் போடுவதுதானா நமக்கு? அந்த பெல்ட்டைப் போட்ட பிறகு வலி கொஞ்சம் மட்டுப்பட்டதே, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் குருசுக்குப்பம் வழியாக ஸ்கூட்டியில் வந்தவள் சட்டென்று பிரேக் போட்டாள். ரோட்டோரம் மீன்காரி எதிரே குந்திக்கொண்டு தையல்நாயகி சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பேரம் லேசில் முடியவில்லை. முடிந்ததும் கையைக்கூட ஊன்றாமல், கூடையோடு விருட்டென்று எழுந்து நடந்தாள்.

அடிப்பாவி என்று முணுமுணுத்தாள் கலைமகள். அத்தனையும் நடிப்பு.

புருஷனிடம் சொல்லிப் பயனில்லை. தெய்வத்தின் மேல் பழி போடுகிறாயா என்று குதிப்பான். டாக்டர் வாயால் வரட்டும் என்று நினைத்தாள். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது, பாவம் அத்தை, பெரியாஸ்பத்திரியில் காட்டிவிடலாமே என்று பேச்சை எடுத்தாள். நெடுமாறன் உருகிப்போய் அங்கேயே லீவு சொல்லிவிட்டான்.

தையல்நாயகி மறுப்பாள் என்று கலைமகள் எதிர்பார்த்தாள். அவளோ, "கலையும் வந்தாத்தான் வருவேன்" என்று மட்டும் சொன்னாள். கலைமகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்த வேஷம் கலைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். நெடுமாறன் முந்திக்கொண்டு அம்மா படும் பாட்டை நா தழுதழுக்கச் சொன்னான். செல்போனைத் திறந்து தைலம் தேய்க்கும் போட்டோக்களைக் காட்டினான். டாக்டர் போட்டோவைப் பார்க்காமல் தையல்நாயகியைப் பார்த்தாள்.

"கீழ குந்தி எழுந்திரிங்கம்மா, பாக்கலாம்."

தையல்நாயகி குந்தினாள், எழுந்தாள். இன்னொரு தடவை சொல்வதற்குள் மறுபடியும் குந்தி எழுந்தாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முட்டிக்கு ஒரு குறையும் இல்லை என்றாள்.

மீன் கதையைச் சொல்ல இதுதான் சமயம் என்று கலைமகள் வாயைத் திறந்தாள். அதற்குள் தையல்நாயகி அவள் கையைப் பிடித்து இழுத்து டாக்டர் எதிரில் உட்காரவைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இவளோட எடது முட்டியப் பாரு. ராவுல திரும்பிப் படுக்கக்கூட முடியாம அனத்துறா."

டாக்டர் விரலால் அமுக்கியதும் கலைமகளுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியது. வலியால் மட்டும் இல்லை. பெல்ட், ஸ்டூல், மாப்பு எல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் வந்து நின்றன. மாமியாரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மாடிப்படியும் குந்தி வேலை செய்வதும்தான் காரணம் என்றாள் டாக்டர். முட்டி வீங்கியிருக்கிறது, எக்ஸ்ரே எடுக்கவேண்டும், பயிற்சி சொல்லித் தருவார்கள், இத்தனை நாள் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று நெடுமாறனைக் கேட்டாள்.

அவன் கையில் செல்போன் அப்படியே இருந்தது. அம்மாவைப் பார்த்து, "அப்புறம் ஏம்மா ஒனக்கு வலிக்குதுன்னு சொன்ன?" என்றான் பரிதாபமாக.

"அவ முட்டி வலி ஒங்காதுல ஏறலடா மாறா. அதான் என் முட்டிய எரவல் குடுத்தேன்."