இருநூற்றுப் பதினாலு புகார்

"மூணு மாசத்துல டாட் கடை மேல இருநூத்திப் பதினாலு புகார்! மொத்தமா பூட்டிடும்மா" என்றார் மேலாளர்.

சிட்டு சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி அது. பக்கத்தின் அடியில் கம்பெனி வைத்திருக்கும் கொடியை அழுத்தி எந்த இணையதளத்தின் மேல் யார் புகார் செய்தாலும், முகவரியின் வாலைப் பார்த்து, டாட் கடை ஒரு கட்டு, டாட் பாட்டு ஒரு கட்டு என்று பிரிப்பது அவள் வேலை. ஒரு கட்டு இருநூறைத் தாண்டினால், அந்த வால் வைத்த அத்தனை தளத்துக்கும் பூட்டு!

அண்ணி அரும்பாடுபட்டுத் தொடங்கிய குழந்தை உடுப்புக் கடைக்கும் அதே வால்தான்.

"சார், யார் மேல புகார்னு பார்க்கவேயில்லையே?"

"ஒவ்வொண்ணா பார்க்க நமக்கு நேரமேதும்மா?"

சிட்டு சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடிவிட்டுப் பார்க்க உட்கார்ந்தாள்.

நூற்றைம்பது புகார் அண்ணி கடை மேல்! அத்தனையும் ஒரே செல்போனிலிருந்து.

"ஒரே ஆளா? அப்ப அதையெல்லாம் தள்ளிடு. பூட்டு வேணாம்" என்று மேலாளர் சிரித்தார்.

சிட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அண்ணனின் நம்பர்.

'கடையாம் கடை! ஈ ஓட்ட ஒரு இணையதளம்!' என்று அண்ணியை நாள் தவறாமல் வாரும் அதே அண்ணன். வாய்க் கொழுப்பு போதாதென்று இது வேறயா?

படிக்கட்டில் நின்று போன் போட்டாள்.

"ஏண்ணே, பொண்டாட்டி முன்னுக்கு வந்தா உனக்குப் பொறுக்காதா?"

"என்னடி உளர்ற?"

"அண்ணி கடைக்குள்ள போய் தினமும் எதை அழுத்துற?"

எதிர்முனையில் அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"உனக்கெப்படிடி தெரியும்? அவகிட்ட சொல்லித் தொலைச்சிடாத, மானம் போயிடும்."

"போகட்டும்! அழுத்தினியா இல்லையா?"

"அழுத்தினேன். ஒருத்தருமே எட்டிப் பார்க்கலைன்னு அவ ஒருநாள் அழுதாடி. மனசு கேக்கல. பஸ்ல போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணுன்னு கீழே இருக்கிற அந்தக் குட்டிச் சிவப்புக் கொடிய அழுத்திட்டு வரேன். 'நன்றி, பதிவு செய்துகொண்டோம்'னு தவறாம வருதே... ஏன் சிட்டு, அது வெற்றிக் கொடிதானே?"