இடம் விட்ட கட்டி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, எங்கள் இபாதான் நகரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மோரெனிகே என்ற பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இந்த முறை ஐந்தாம் மாத ஸ்கேனில், கருப்பையில் குழந்தையின் தலையைவிடப் பெரிய நார்க்கட்டி ஒன்று தெரிந்தது. பிரசவம் வரை அதை அறுக்க முடியாது என்றார் டாக்டர்.

வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் கைதட்டிப் பாடி முடித்ததும், நர்ஸ் அபேனி டேப்பால் அவள் வயிற்றை அளப்பாள். ஐந்தாம் மாதமே முப்பத்தாறு சென்டிமீட்டர். ஏழிலும் முப்பத்தாறு. ஒன்பதிலும் அதே.

"வயிறு வளரலையே அக்கா, புள்ள நல்லாயிருக்கா?" என்று கேட்டாள் மோரெனிகே.

"புள்ள வளருதுடி. அது வளர்ற அளவுக்குக் கட்டி சுருங்குது. என் புருஷன்கூட கட்டில்ல இப்படி ஒதுங்கிப் படுத்ததில்ல!"

பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. மறுநாள் ஸ்கேனில் கட்டி இல்லை. அது இருந்த இடத்தில், யாரோ நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன பாயில் தெரிவதைப் போல, ஒரு குழிவு மட்டும் இருந்தது. அபேனி, எங்கள் ஊரில் வீட்டுப் பெரியவர்களைக் கண்டால் செய்வதுபோல், அந்த ஸ்கேன் திரைக்கு முன்னால் மெல்ல முழங்காலிட்டாள்.

உங்கள் வீட்டிலும் வருகிற உயிருக்கு என்றைக்கும் இடம் இருக்கட்டும், என் செல்வங்களே.