மாடிவீட்டு ரவுட்டர் உதறிய கை

அந்தத் தெருவில் ரவுட்டர்கள் எல்லாம் காற்றிலேயே கைகோத்துக்கொண்டு, இருக்கிற நெட்டைப் பகிர்ந்துகொள்ளும். அன்று மாடிவீட்டு ரவுட்டருக்கு மட்டும் பகிர மனமில்லை. உள்ளே மஞ்சரிக்கு வீடியோவில் வேலை இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. பாதியில் நெட் தீர்ந்துபோனால் என்ன செய்வது?

"எதிர்வீட்டு அக்கா, இன்னைக்கு என் நெட்டை யாரும் தொடக்கூடாது" என்று எதிர்வீட்டு ரவுட்டரிடம் சொல்லி, பதிலுக்குக்கூடக் காத்திராமல் கையை உதறியது.

"ஐயோ, நெட் போச்சே!" என்று மஞ்சரி அலறினாள்.

ரவுட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அக்கா, என்னாச்சு?"

"கையைக் குடு தம்பி, சீக்கிரம்! ரோடு தோண்டுனவங்க காலையிலேயே உன் கேபிளை அறுத்துட்டாங்க. இவ்வளவு நேரமும் நீ பொத்திப் பொத்தி வெச்சிருந்தது என் நெட்டு."