மூன்று ஹாரன்

“‘உன் குரல் இருக்கும்போது காருக்குத் தனியா ஹாரன் எதுக்கு?’ இதானே கேட்டீங்க? நடு ரோட்டுல, அந்த வேன்காரன் காதுல விழற மாதிரி?”

“சும்மா சிரிப்புக்குச் சொன்னேன்.”

“அவன் நல்லாவே சிரிச்சான். ரிவர்ஸ்ல வந்து நம்ம மேல ஏத்தப் பாத்தவனே அவன்தான். நான் ஜன்னல் வழியா தலையை நீட்டிக் கத்தலேன்னா, இந்நேரம் நாமளும் சிரிச்சுட்டுதான் இருப்போம். சுவத்துல, படத்துல!”

கணவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பேச்சில் தோற்கும்போதெல்லாம் அவருக்கு உலகச் செய்திகள் அவசரமாகிவிடும்.

“பத்து நாளாச்சு ஹாரன் செத்து. எப்பதான் காட்டப் போறீங்க?”

“அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

“போன வாரம் சொன்னதும் இதே அடுத்த வாரம்தான். இந்த வீட்டுல எதுதான் ஒழுங்கா இருக்கு? என் முழங்காலுக்கு வாங்கின பிளாஸ்டர் ரோல் கூட வச்ச இடத்துல இல்ல!”

பேப்பர் அசையவில்லை.

அந்த ஹாரனுக்காக அவள் கண்ணீர் விட வேண்டிய அவசியமே இல்லை என்பது வேறு விஷயம். இருபத்திரண்டு வருஷமாகச் சாயங்காலம் ஆறரை மணிக்கு கேட்டுக்கு வெளியே மூன்று ஹாரன். அடுப்பில் எது கொதித்தாலும் சிம்மில் வைத்துவிட்டு, மாடியிலிருந்து பதினாறு படி இறங்கி ஓடிப் போய் கேட்டைத் திறக்க வேண்டும். துரை காரை விட்டு இறங்க மாட்டார்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அப்படி ஓடும்போதுதான் கால் தடுக்கி உருண்டாள். முழங்காலில் நல்ல அடி. தூக்கி உட்கார வைத்த மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா? “பாத்து இறங்கக் கூடாதா?”

அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் ஆறரை மணிக்கு மறுபடியும் மூன்று ஹாரன்! நொண்டிக்கொண்டே போய்த் திறந்தாள்.

“மனுஷனா நீங்க?”

“கை தானா போயிடுது. பழக்கம்.”

“இத்தனை வருஷத்துல என் மேல அக்கறைப்பட மட்டும் பழகவே இல்லையே!”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் வராதது, முழங்காலை விட அதிகமாக வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

ஹாரன் போனதிலிருந்து தானே இறங்கி, கேட்டைத் தள்ளித் திறந்து, காரை உள்ளே விட்டு, மறுபடி இறங்கிச் சாத்துகிறார். வேறு வழி? நன்றாகப் படட்டும் என்று அவளும் மாடி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள். ஆனால் ரோட்டில் உயிர் போகிற விஷயமாயிற்றே. கார் சாவியை எடுத்தாள்.

“கால் வலியோட நீ எங்க போற? குடு, நானே போறேன்.” பேப்பர் சட்டென்று இறங்கியது.

“அடுத்த வாரம்தானே? உக்காருங்க!”

தெருமுனை கார் எலக்ட்ரீஷியன், தலையெழுத்தைப் படிக்கிற மாதிரி பானெட்டைத் திறந்து பார்த்தார்.

“ஃப்யூஸ் நல்லா இருக்கும்மா. இப்ப அடிங்க.”

ஸ்டியரிங்கின் நடுவில் அமுக்கினாள். சத்தமில்லை. எங்கேயோ ‘டிக்’ என்றது.

“ரிலே பேசுதே! அப்ப சுவிட்சும் சரி. இன்னொரு தடவை அடிங்கம்மா.”

‘டிக்.’

“கரன்ட் கிளம்புது, ஹாரனுக்குப் போய்ச் சேரல.” அவர் முன் பம்பருக்குக் கீழே படுத்தார். ஒரு நிமிஷத்தில் அங்கிருந்தே குரல் வந்தது. “அம்மா, உங்க மேல யாருக்காவது கோவமா?”

“ஏன்?”

“இது தானா கெடல. யாரோ ஹாரன் பிளக்கை வேணும்னே உருவி விட்டிருக்காங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. கீழ் வீட்டுக்காரர்! ‘உங்க ஹாரன் சத்தத்துல என் தலையே வெடிக்குது’ என்று மாசத்துக்கு ஒரு தடவை படியேறி வந்து மூக்கால் அழுகிறவர்.

“யாருன்னு தெரியும். இன்னைக்கு இருக்கு அந்தாளுக்கு!”

“ஆனா ரொம்பப் பொறுப்பான எதிரிம்மா! வயர் எங்கயும் உரசிடக் கூடாது, தண்ணி பட்டுடக் கூடாதுன்னு நாலு சுத்து சுத்தி வச்சிருக்காரு. வயருக்குச் சுத்தற டேப் இல்ல, வேற என்னவோ.” எலக்ட்ரீஷியன் எழுந்து, உரித்ததை ஜன்னல் வழியாக நீட்டினார். “இந்தாங்க, சாட்சி.”

அவள் வாங்கிப் பார்த்தாள்.

தோல் நிறத்தில், அகலமாக, மருந்துக் கடைப் பிளாஸ்டர். புடவையை லேசாக விலக்கினாள். முழங்காலிலும் அதே நிறம், அதே அகலம்.

கை தானா போயிடுது, என்றாரே.

எலக்ட்ரீஷியன் மறுபடி கீழே படுத்து எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“மாட்டியாச்சு. இப்ப அடிங்கம்மா.”

ஸ்டியரிங்கின் மேல் வைத்த கையை அவள் அமுக்கவில்லை. பிளாஸ்டரைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா? ஒரே ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்கம்மா.”