மூன்றாம் வரிசைத் தலை

மேடையேறி இரண்டு நிமிடம் கழித்துத்தான் அன்பு அந்தத் தலையைக் கண்டுபிடித்தான். எழுபது பேர் உட்கார்ந்திருந்த கேன்டீன் ஹாலில் அது ஒன்றுதான் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

அதுவரை அவன் பேசியது "மரியாதைக்குரிய" என்ற ஒரே வார்த்தை. அதை நாலு தடவை சொல்லியிருந்தான். மைக் நடுங்கிய நடுக்கத்தில் நாலும் வேறு வேறு வார்த்தையாகக் கேட்டன.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பைக் காய்ச்சிச் சுத்தியல் மிஷினில் அடிக்கும் கம்பெனி. 2006-ம் வருஷத்துப் பாதுகாப்பு வாரம். சத்தத்தில் ஆட்களின் காது போகிறது, மிஷினைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டுங்கள் என்று ஜி.எம். முன்னால் யாராவது பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் அன்பு மாட்டினான். அவனுடைய இடது காதிலேயே ஆறு மாதமாக ஒரு வண்டு ரீங்காரமிட்டபடி குடியிருந்தது.

"சர்ச்சுல பைபிள் வாசிக்கச் சொன்னதுக்கே மயங்கி உழுந்த ஆளு நீ" என்று காலையில் சிரித்தாள் மனைவி மெர்சி. "கூட்டத்தப் பாக்காத. தலையாட்டிக்கினு கேக்கறவரு ஒருத்தராச்சும் இருப்பாரு. அவருக்கு மட்டும் சொல்ற மாதிரி சொல்லு."

அந்த ஒருவர், மூன்றாம் வரிசை பூவராகவன். சுத்தியல் மிஷினில் சீனியர், ரிட்டையராக இன்னும் ஒன்றரை வருஷம். அன்பு அவர் முகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவர் தலை ஆட ஆட, இவன் நாக்கு அவிழ்ந்தது.

"ஊட்ல பொண்டாட்டி கூப்புடறது கேக்கலன்னா சந்தோசம்தான் சார். ஆனா கொழந்த கூப்புடறது கேக்கலன்னா?"

ஹால் சிரித்தது, சட்டென்று அடங்கியது. நடுவில் அன்பு தண்ணீர் குடிக்க நிறுத்தினான். அப்போதும் பூவராகவன் தலையாட்டினார். அப்படியொரு ஆதரவு!

பேசி முடித்தபோது கைதட்டல்கூட வந்தது.

ஜி.எம். ராஜமாணிக்கம் எழுந்தார். "பிரமாதம்ப்பா அன்பு. ஒரே ஒரு கேள்வி. இந்த ஹால்ல யாருக்காவது காது கேக்கலைன்னா கை தூக்குங்க, பாக்கலாம்."

ஒரு கைகூட எழவில்லை. தூக்கினால் 'அன்ஃபிட்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்புவின் கையும் எழவில்லை. மைக்கைப் பிடித்திருந்ததால்தான் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம்.

"ஒருத்தர்கூட இல்ல. அப்புறம் எதுக்குப்பா சுவரு?"

சுவர் அத்தோடு இடிந்தது. சிறந்த பேச்சுக்கு முதல் பரிசு என்று அன்பு கையில் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள்.

ஷிப்ட் முடிந்து, பஸ் நிற்கும் இடத்தில் பூவராகவன் தனியாக நின்றிருந்தார். "அண்ணே! பூவராகண்ணே!" என்று பின்னாலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டான் அன்பு. அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பிச் சிரித்தார்.

அவரைப் போலவே தலையாட்டிக் காட்டினான் அன்பு. "நீ தலையாட்னதாலதாண்ணே நான் பேசவே பேசுனேன். இன்னா பிரயோஜனம்? ஒருத்தன் கை தூக்கலியே!"

அவர் அதற்கும் தலையாட்டினார்.

"நடுங்கிக்கினு நின்னியா, பாக்கவே பாவமா இருந்துச்சி நைனா. அதான் ஆட்டிக்கினே இருந்தேன்" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வலது காதை அவன் வாயருகே கொண்டுவந்தார்.

"ஆமா, இன்னாத்தப் பத்திப் பேசின?"