பதினான்காம் எண் பாட்டில்

"உன் பெண்டாட்டிக்குக் காசநோய்" என்று சொன்னதும் கைதட்டிச் சிரித்த கணவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சீனாவின் குவாங்சி மலையடிவார ஆஸ்பத்திரியில் டாக்டர் லான் பார்த்தாள். வெய் ஷெங்காய் நாற்காலியை விட்டு எழுந்தே கைதட்டினான். இருமல் வந்துதான் சிரிப்பை நிறுத்தியது.

"கிருமி தெரிஞ்சிடுச்சா? நெசமாவா டாக்டரம்மா?"

"பதினாலாம் நம்பர் பாட்டில்ல நெறையவே தெரியுது. அதுக்கு ஏன்யா இந்தக் குதி குதிக்கிற? கல்யாணமா நடக்குது?"

"அவ பொழைச்சுக்குவால்ல?"

அவன் மனைவி ஹுவான்யுவுக்கு ஏற்கெனவே எய்ட்ஸ். மூன்று மாதமாக விடாத காய்ச்சல், உடம்பில் எலும்புதான் மிச்சம்.

காசநோய்தான் என்று லானுக்கு எப்போதோ தெரியும். ஆனால் சளியில் கிருமி தெரிந்தால்தான் மாவட்டத்துக்கு நோயாளி அட்டை அனுப்பலாம். அட்டை போனால்தான் இலவச மருந்துப் பெட்டி வரும். இரண்டு முறை அவளுடைய பாட்டிலைப் பரிசோதனைக் கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெறும் எச்சில்தான் இருக்கிறது, சளி கொண்டு வா என்று.

"இந்தத் தடவை மட்டும் எப்படிய்யா பாட்டில் நெறைஞ்சுது?"

"நீங்க சொன்ன மாதிரியேதான். விடியக்காலைல, வெறும் வயித்துல..." மறுபடி இருமினான்.

"மொதல்ல உன் மூங்கில் புகைக்குழாய அடுப்புல போடு. நெஞ்சு கிழியுது உனக்கு."

"இன்னிக்கே போட்டுடறேன், போங்க!"

லான் அட்டை எழுதினாள். பெயர்: நோங் ஹுவான்யு. எய்ட்ஸ்: உண்டு. பாட்டில் எண்: 14.

சாயங்கால பஸ்ஸிலேயே பெட்டி வந்துவிட்டது. முதல் மாத்திரையை டாக்டர் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது விதி. லான் பெட்டியோடு ஷெங்காயின் வீட்டுக்கு மேடேறினாள்.

கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாள் ஹுவான்யு. பக்கத்தில் சோளக்கஞ்சி ஆறிப்போயிருந்தது.

"கெட்டிக்காரிதான் தங்கச்சி! ஒருவழியா இருமிட்டியே."

ஹுவான்யு கணவனைப் பார்த்தாள். "நானா? இருமறதுக்குத் தெம்பு ஏதுக்கா எனக்கு?"

"அப்ப பாட்டில்ல இருந்தது?"

ஷெங்காய் தலை குனிந்துகொண்டான்.

"நெறைஞ்சிருந்தா வாங்கிக்குவீங்கன்னு நெனைச்சேன் டாக்டரம்மா. நான்தான் துப்பினேன்."

லானின் கையில் இருந்தது ஒரே ஒரு பெட்டி.

"இது உனக்கு வந்த மருந்துய்யா!"

"எனக்கென்ன? வெறும் புகை இருமல். அவளுக்கே குடுங்க." அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினான்.

மறுநாள் காலை மாவட்டத்துக்கு இன்னோர் அட்டை போனது. பெயர்: வெய் ஷெங்காய். பாட்டில் எண்: 14.

முதல் அட்டையை லான் ரத்து செய்யவில்லை.