கழற்றாத ஷூ

தாய்லாந்திலிருந்து பஸ்ஸிலும் மீகாங் ஆற்றுப் படகிலுமாக லாவோஸ் போய்விட்டு, ஜலஜாவும் கணவன் வாஞ்சிநாதனும் சான்டா கிளாரா வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரமாகிறது. படகில் ஏறும்போது எல்லோரும் ஷூவைக் கழற்றிவிட வேண்டும். இறங்கும்போது மாட்டிய ஷூவை அவன் இன்னும் கழற்றவில்லை. வாசலிலேயே செருப்பை விடுகிற மனுஷன், பூஜை அறைக்கும் ஷூவோடு போனான்; ஷூவோடுதான் படுத்தான்.

“கழட்டுங்களேன்,” என்றாள்.

“கால் கூசுது.”

சனிக்கிழமை காலை பெல் அடித்தது. போனில் வாசல் கேமராவைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்து, வெறுங்காலோடு வாஞ்சிநாதன் நின்றான்.

“ஜலா, படகுல தூங்கிட்டேன். யாரோ என் ஷூவ மாட்டிக்கிட்டு இறங்கிட்டான். நீயும் அவன்கூடவே போய்ட்ட. கதவத் திற.”

தாழ்ப்பாளில் கை வைத்தாள். பின்னால் மரத்தரையில் ஷூச் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

“யாரு ஜலா?” என்றது அதே குரல்.